ஒரு மில்லி பால்

பால் வருமா வராதா என்று மார்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வராது, அது பியூலாவுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தாய்மார் பால் எடுக்கும் அறையில் சுவரோரமாக பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாய்க் கிடந்தன, காலை வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் கோடு கோடாய்ப் போட்டிருந்தது, மடியில் ஆஸ்பத்திரி எவர்சில்வர் கிண்ணம். கொதிநீரில் போட்டு எடுத்த சூடு அதில் இன்னும் கொஞ்சம் இருந்தது. சூட்டைத் தவிர உள்ளே ஒன்றுமில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் குறைமாதக் குழந்தைகள் வார்டு. அங்கேதான் அவள் பெற்றது கிடக்கிறது, பெண், இன்னும் பெயர் வைக்கவில்லை, காலில் கட்டிய பட்டையில் 'பியூலா பேபி' என்றிருக்கும், மளிகைக்கடையில் வாங்கும் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிட எடை குறைவு. மூன்று நாளாய் அதற்கு ஒரு சொட்டுப் பால் இல்லை. வயிறு உப்பி, வாய்வழியாகப் போட்ட குழாயில் பச்சையாய் வந்ததும் டாக்டரம்மா பாலை நிறுத்திவிட்டார். இன்று காலை மறுபடி எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். குடல் தேறியிருந்தால் பால் ஆரம்பிப்பார்கள், ஒரே ஒரு மில்லி. தேறாவிட்டால் அறுவை சிகிச்சை டாக்டர் வந்து பார்ப்பார். அந்தப் பூப்போன்ற வயிற்றில் கத்தியா, சீ, அதை நினைக்காதே, கிண்ணத்தைப் பார். சிஸ்டர் தமயந்தி வந்து எதையாவது ஒன்றைச் சொல்வார், நல்லதாக இருந்தால் கையோடு பாலையும் கேட்பார், இல்லை என்று சொல்ல வேண்டிவரும். இல்லை என்று சொல்ல வேண்டிவந்தது யார் தப்பு, அவள் தப்புத்தான்.

நிறுத்தச் சொன்னது பிள்ளைக்கு. இவளும் சேர்ந்து நிறுத்திவிட்டாள். உலகத்தில் வேறு எந்தத் தாயும் இப்படிச் செய்திருக்க மாட்டாள், ஆராய்ச்சிக்கூடத்தில் செல் வளர்த்துச் சம்பளம் வாங்குகிறவள்தான் செய்வாள். அங்கே அடையாற்றில், வட்டமான பிளாஸ்டிக் தட்டுகளில், யாரோ எப்போதோ கொடுத்த குடல் புற்றுக்கட்டியின் செல்களை அவள் நாலு வருஷமாக வளர்க்கிறாள். அவற்றுக்கு வளர்ச்சிக் காரணி, அதாவது வளரச் சொல்கிற புரதம், கொடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் முதல்நாள் சாயங்காலமே பட்டினி போட வேண்டும், கூடத்தில் அப்படித்தான் சொல்வார்கள், பட்டினி போட்டாச்சா என்று, சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரியே. சாப்பாடு இருக்கிற செல்லிடம் எதைச் சொன்னாலும் அது காதில் வாங்கினதா இல்லையா என்று தெரியாது. பசியோடு ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த செல்தான் மறுநாள் ஒரு துளி விழுந்ததும் துள்ளி எழும். அந்தத் துளியை முன்கூட்டிக் கலந்து வைப்பது கிடையாது, வெகு விலை, கலந்துவைத்தால் கெட்டும் போகும், காலையில்தான் புதிதாய்க் கலப்பது. கை அப்படிப் பழகிவிட்டது. பிள்ளைக்குப் பால் நிறுத்தியாச்சு என்றதும் பாலைக் கலக்க வேண்டியதில்லை என்று கையே முடிவெடுத்துக்கொண்டது, கேள்வியே கேட்கவில்லை, ஒரு பகலும் ஓர் இரவும் அவள் பால் எடுக்கவே இல்லை. மார்பு கல்லாய்க் கட்டியது, காய்ச்சல் அடித்தது, பிறகு தானாகவே இளகிவிட்டது, இளகியதும் அப்பாடா என்று தூங்கவேறு செய்தாள், படித்த முட்டாள். விடியும்போதுதான் உறைத்தது. மார்பு பிரிட்ஜில் இருக்கும் பாட்டில் இல்லையே. அதுவும் செல்கள்தானே, அதற்கும் சேதி போக வேண்டும், காலி ஆக ஆகத்தான் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியும், யாரும் எடுக்காவிட்டால் அது என்ன நினைத்துக்கொள்ளும், பிள்ளை இல்லை என்று நினைத்துக்கொள்ளும். நேற்றிலிருந்து பிழிந்து பிழிந்து பார்த்ததில் பஞ்சு நனைகிற அளவுக்குத்தான் வந்தது. பிள்ளை இல்லை என்று மார்பு நினைத்துக்கொண்டால், அதற்கு ஏதாவது முன்னாடியே தெரியுமோ என்று ஒரு நினைப்பு, அவள் எழுந்து குழாயில் கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, கிண்ணத்தையே மொறச்சிக்கினு கீற? மொறச்சா அது பயந்துக்கும்" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. மல்லேஸ்வரி, தண்டையார்பேட்டை, வயதில் இவளைவிடச் சின்னவள், இரண்டாவது பிரசவம். அவள் மகன் கண்டத்தைத் தாண்டி அடுத்த அறைக்குப் போய்விட்டான், அவளுடைய கிண்ணம் பேச்சோடு பேச்சாக நிரம்பும், மிச்சத்தை ஆஸ்பத்திரியின் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவாள். வங்கிப்பால் இருக்கிறது, பிள்ளை பட்டினியாய்க் கிடக்கப்போவதில்லை, அதையும் பியூலா அறிவாள். ஆனால் அதைச் சூடுபடுத்தித்தான் வைக்கிறார்கள், கிருமி போவதற்கு, சூட்டில் கிருமியோடு வேறு சிலதும் கொஞ்சம் போகும், அந்த வேறு சிலது என்னவென்று இந்த அறையிலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும், தெரிந்து என்ன செய்ய. "ராத்திரி எடுக்காம வுட்டுட்டேன் மல்லி. முந்தாநாள் முழுக்க" என்றாள். யாரிடமும் சொல்லாததை இவளிடம் ஏன் சொன்னோம் என்று தோன்றியது. மல்லேஸ்வரி உச்சுக்கொட்டவில்லை, ஐயோ என்று சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் பின்னால் போட்டுக்கொண்டாள். "குனி. முன்னால சாஞ்சிக்க. எனக்கு மொதப் புள்ளைக்கு நாலு நாள் வரவே இல்ல தெரியுமா, எங்க மாமியா இவளுக்கு பாலே கெடையாதுன்னு தெரு பூரா சொல்லிகினு வந்துச்சு. அப்பால சிஸ்டரு இப்பிடி பண்ணி வுட்டாங்க." இரண்டு கைவிரல் முட்டிகளையும் பியூலாவின் முதுகெலும்புக்கு இருபுறமும் வைத்து அழுத்தி மெல்ல மெல்லக் கீழே இறக்கினாள். மீன்கூடை தூக்கிய கை, நல்ல பலம். அந்த அழுத்தம் எங்கெங்கோ போய் அவிழ்த்தது. அந்நேரம் போன் அடித்தது, கீழே காத்திருப்போர் கொட்டகையிலிருந்து ஞானராஜ், ஆம்பிளைகளை மேலே விடுவதில்லை. "ஏதும் சொன்னாவளா?" என்றான். அவள் கணவன் பாளையங்கோட்டைப் பேச்சை சென்னையில் பத்து வருஷம் இருந்தும் விட்டவனில்லை. "இன்னும் இல்ல. பாத்துக்கிட்டு இருக்காவ." "நீ சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." சாப்பிடவில்லை. அவனுக்கும் அது தெரியும், அவனும் சாப்பிட்டிருக்க மாட்டான்.

பட்டினி கிடக்கும் செல் சாவதில்லை, அதை மட்டும் பிடித்துக்கொள். எத்தனை ராத்திரி போட்டுவிட்டு வந்திருக்கிறாள், காலையில் போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சற்றே சுருங்கி, அமைதியாக, ஆனால் உயிரோடு. சும்மா இருக்கும்போது அது செய்கிற வேலை அவளை இன்றைக்கும் வாயடைக்க வைக்கும். செல்லின் மேல்தோலில் ஏற்பிகள் இருக்கின்றன, ரிசப்டர் என்பார்கள், ஒரு கால் வெளியே ஒரு கால் உள்ளே வைத்து நிலைப்படியில் நிற்கிற ஆள் மாதிரி. வேளாவேளைக்குச் சேதி வந்துகொண்டிருந்தால் நிலைப்படியில் கொஞ்சம் பேர் நின்றால் போதும். சேதியே இல்லையென்றால் செல் கூடுதல் ஆட்களை அனுப்பி வாசலில் நிறுத்திவைக்கிறது. யாராவது வருகிறார்களா பார், யாராவது வருகிறார்களா பார். அப்படியென்றால் அவள் மகளின் குடலிலும் இப்போது வாசல் முழுக்க ஆள் நிற்குமா? நிற்கும் என்று ஒரு பேச்சு, தட்டில் கிடக்கும் செல்லும் பிள்ளையின் குடலும் ஒன்றா என்று ஒரு பேச்சு, பால் காணாத குடலின் உள்தோல் மெலிந்துபோகும் என்றும் அவள் வாசித்திருக்கிறாள், இரண்டுமே உண்மை, எது முந்தும் என்று எந்தக் கட்டுரையிலும் எழுதியிருக்கவில்லை. சரி, ஒரு துளி போனால் என்ன ஆகும், அதை நினை. பாலோடு அந்தச் சின்னப் புரதம் போகும், தோல் செல்களையும் குடல் செல்களையும் வளரச் சொல்கிற ஈஜிஎஃப், அதை நிலைப்படியில் நிற்கும் ஏற்பி பிடிக்கும், பிடித்ததும் பக்கத்தில் நிற்கிற இன்னொரு ஏற்பியின் கையைப் பற்றிக்கொள்ளும், தனியாக எதுவும் செய்யாது, இரண்டு சேர்ந்தால்தான் விழித்துக்கொள்ளும். பிறகு தண்ணீர் லாரியிலிருந்து குடம் கைமாறுகிற மாதிரி சேதி உள்ளே கைமாறிக் கைமாறிப் போய் செல்லின் நடுவே சேரும். வளர். பிரி. ஓட்டை விழுந்த இடத்தை மூடு. செத்துப்போகாதே. எல்லாம் ஐந்தாறு நிமிஷத்தில் தொடங்கிவிடும், அவளே பனிக்கட்டியில் தட்டை வைத்து அதைப் பாதியில் நிறுத்திப் பார்த்திருக்கிறாள். அதைவிட அழகு அதற்குப் பிறகு நடப்பது. சேதி வாங்கிய ஏற்பியைச் செல் உள்ளே இழுத்துக்கொள்ளும். கேட்டாச்சு, போதும். போதும் என்று சொல்லத் தெரிந்த பொருள் உலகத்தில் எத்தனை இருக்கிறது, குடிக்கிற அவள் சித்தப்பாவுக்கு இன்னும் தெரியாது.

இந்தப் புரதத்தை முதன்முதலில் கண்ட கதையைக் கேட்டால் சிரிப்பும் வரும் கும்பிடவும் தோன்றும். யாரோ ஒருவர் சுண்டெலியின் எச்சில் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை வேறெதற்கோ, அப்போதுதான் பிறந்த குட்டிகளுக்கு ஊசியில் போட்டுவந்தார். குட்டிகள் கண்ணைத் திறந்துவிட்டன, திறக்க வேண்டிய நாளுக்கு முன்னாலேயே. வேறு ஆளாக இருந்தால் இதென்ன தொல்லை என்று விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். அவர் ஏன் என்று கேட்டார். எச்சிலில் இருந்தது, ஆகவே எலி தன் புண்ணை நக்குவதும் சும்மா இல்லை. பாலில் இருக்கிறது, முதல் நாட்களின் மஞ்சள் பாலில் மிக அதிகம், அதிலும் நாள் முந்திப் பெற்றவளின் பாலில் இன்னும் அதிகம் என்று ஒரு கட்டுரையில் வந்ததை அவள் கல்யாணத்துக்கு முன்னால் படித்துவிட்டு, நமக்குச் சம்பந்தமில்லை என்று புரட்டிவிட்டாள். இப்போது அந்த ஒரு வரி அவளை விடமாட்டேன் என்கிறது. பிள்ளை வயிற்றுக்குள் வேகாமல் வந்துவிட்டது என்று இந்த மார்புக்கு யார் போய்ச் சொன்னார்கள்? டாக்டருக்குத் தெரியுமுன், அவளுக்குத் தெரியுமுன், அது கூடுதலாய்ப் போட்டுக் கலந்துவிட்டது. அதைத்தான் அவள் ஒரு பகலும் ஓர் இரவும் கலக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அதுமட்டுமா, அந்த ஏற்பியை அடைக்கிற மருந்தைத்தான் நாலு வருஷமாய்ச் சோதிக்கிறாள், வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஆறாம் மாதம்வரை மருந்து கலக்கிற கண்ணாடிக் கூண்டின் முன் உட்கார்ந்திருந்தாளே, கையுறை இருந்தது, இரட்டைக் கையுறை, கோட்டு இருந்தது, ஒரு துளிகூடப் பட்டதில்லை, பட்டாலும் அந்த அளவு ஒன்றும் செய்யாது, நாள் முந்திப் பனிக்குடம் உடைந்ததற்குக் காரணம் சொல்ல முடியாது என்று டாக்டரம்மாவே சொன்னார், ஆனால் மார்ச்சில் ஒருநாள் கையுறை கிழிந்திருந்ததே, கிழிந்தது இடது கையா வலது கையா, மருந்து எடுத்த அன்றா வெறும் தட்டு கழுவிய அன்றா. இந்த இடத்துக்கு வந்தால் புத்தி மாவரைக்கிற கல்லாய்ச் சுற்றும், எத்தனை சுற்றினாலும் அரைபடுவது அவள்தான். மல்லேஸ்வரியின் முட்டி இடுப்புவரை இறங்கி மறுபடி கழுத்தடிக்கு வந்தது.

"என்னத்தையாவது நல்லதா நெனைக்கா. உங்க வீட்டுக்காரர நெனச்சிக்க. அவரு வேணாமா, அப்ப உங்க அப்பாவ நெனச்சிக்க" என்றாள். அப்பா. தொழிற்பட்டறையில் பஸ் இன்ஜின்களோடு மல்லுக்கட்டியே ஓய்வு பெற்ற சாமுவேல். அவர் குடலில் வந்த புற்றும் இதே கதைதான், யாரும் கூப்பிடாதபோதே ஏற்பிகள் சேதி வந்துவிட்டது வந்துவிட்டது என்று உள்ளே கத்திக்கொண்டிருந்தன, செல்களுக்குப் போதும் என்று சொல்வது மறந்துபோயிருந்தது. அந்த வாயை அடைக்கிற மருந்தைச் சொட்டுச் சொட்டாய் ஏற்றினார்கள். மூன்றாம் வாரம் அவர் முகம் முழுக்கப் பரு. கன்னம், மூக்கு, நெற்றி ஓரிடம் மிச்சமில்லை, பதினாறு வயதுப் பையனுக்குக்கூட அப்படி வராது. தோலுக்கும் அதே ஏற்பிதானே வேண்டும், மருந்து கட்டியில் அடைத்ததை முகத்திலும் அடைத்துவிட்டது, வயிறும் கொஞ்சம் படுத்தி எடுத்தது. ஒரு சின்ன ஏற்பி இல்லாமல் தோலும் இல்லை குடலும் இல்லை என்று அவள் கண்ணால் பார்த்துப் படித்தது அப்போதுதான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அறுவது வயசுல மாப்பிள்ளைக்கு முகப்பரு வந்துட்டு" என்றாள். டாக்டர் மட்டும் சந்தோஷப்பட்டார், பரு வந்தால் பெரும்பாலும் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம் என்றார். அவ்வளவுதான், அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் வாசலில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மூஞ்சியை நீட்டினார். "பாரும்வே, நல்லாப் பாரும். மருந்து பிடிச்சிட்டு." போதகர் ஐயாவையும் விடவில்லை. தொட்டுப் பார்க்கச் சொன்னார். போதகர் வெள்ளை அங்கியோடு ஒற்றை விரலை நீட்டி அந்தப் பருவைத் தொட்டதை நினைத்ததும் பியூலாவுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பிவிட்டது, தையல் போட்ட இடம் வலித்தது, அடக்க அடக்கத் தோள் குலுங்கியது. அந்தப் பருவோடு அப்பா இன்னும் இரண்டு கிறிஸ்துமஸ் இருந்தார், இரண்டிலும் கேக் வெட்டினார், எவ்வளவு நல்ல மனுஷன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை, மார்புக்குள் ஊசி ஊசியாய்க் குத்தி ஏதோ இறங்கியது, கிண்ணத்தில் டிக் என்று ஒரு சத்தம். மறுபடி ஒன்று. "வந்துச்சு பாரு" என்றாள் மல்லேஸ்வரி, "அமுக்காத, தானா வரட்டும்." மஞ்சளாக, கெட்டியாக, ஒவ்வொன்றாக விழுந்தது. கிண்ணத்தின் அடியில் அது ஓர் ஐந்து ரூபாய்க் காசளவுக்குப் பரவி நின்றது, அவள் நாலு வருஷமாய்க் கையில் எடுத்த எந்தத் திரவமும் அவளுக்கு இத்தனை ஆச்சரியமாய் இருந்ததில்லை.

கதவு திறந்தது. "பியூலா பேபி மதர்" என்று கூப்பிட்டார் சிஸ்டர் தமயந்தி. குரலில் ஒன்றும் தெரியவில்லை, அந்தம்மா நல்லதையும் கெட்டதையும் ஒரே குரலில்தான் சொல்வார். பியூலா எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அந்தக் காசளவும் சிந்திவிடும். "டாக்டர் பாத்துட்டாங்க. எக்ஸ்ரே சுத்தமா இருக்கு. வயிறு நல்லா மெத்துனு ஆயிருச்சு, குழாயில பச்சை வரல. பால் ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க, ஒரு மில்லி. பால் இருக்கா, இல்ல பேங்குல வாங்கட்டுமா?" பியூலா கிண்ணத்தை நீட்டினாள். சிஸ்டர் அதற்குள் எட்டிப் பார்த்த அந்தக் கணத்தில் இது ஒரு மில்லி வருமா வராதா என்று கண்ணால் அளந்து பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை, எத்தனை ஆயிரம் மில்லி அளந்த கண். "போதும்மா, இருக்கு" என்றார் சிஸ்டர். "கையக் கழுவிட்டு உள்ள வா. இன்னைக்கு நீயே குடு." பின்னால் மல்லேஸ்வரி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பியூலா திரும்பி அவள் கையைப் பிடித்தாள், நன்றி என்று சொன்னால் இவள் அடிப்பாள், பிடித்துவிட்டு விட்டாள்.

உள்ளே வெதுவெதுப்பாய் இருந்தது. இன்குபேட்டர் பெட்டிக்குள் மகள் மல்லாக்கப் படுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் போட்டு, யாரோ மிரட்டி நிறுத்தி வைத்த மாதிரி கிடந்தாள். மூன்று நாளாய் மேளமாய் இருந்த வயிறு தணிந்து, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. சிஸ்டர் பாலை ஊசிபோடாத சிரிஞ்சில் எடுத்து, தள்ளுகிற தண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் குழலைப் பிள்ளையின் குழாய் முனையில் மாட்டிப் பியூலாவின் கையில் கொடுத்தார். "மேல தூக்கிப் பிடி. தள்ளுறது கிள்ளுறது எதுவும் கிடையாது. அதுவா இறங்கணும்." அவள் தூக்கிப் பிடித்தாள். பால் இறங்கவில்லை. மஞ்சளாய் ஒரு விரற்கடை, குழலின் அடியில் அப்படியே நின்றது. கட்டைவிரல் தானாக மேலே போய் இல்லாத தண்டைத் தேடியது, நாலு வருஷமாய் நாள் முழுக்க அழுத்திப் பழகிய விரல், அழுத்துவதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஏன் இறங்கவில்லை என்று சிஸ்டரைப் பார்த்தாள், சிஸ்டர் அடுத்த பெட்டியில் எதையோ சரிசெய்துகொண்டிருந்தார். குழல் பிடித்த கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டாள். இனி அவளிடம் செய்ய ஒன்றும் மிச்சமில்லை, அவளும் அவள் மார்பும் அனுப்ப வேண்டியதை அனுப்பியாயிற்று, இனி எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பக்கம். பெட்டியின் கைத்துவாரத்துக்கு அருகில் குனிந்து, பெயர் வைக்காத மகளிடம் முதல் தடவையாகப் பேசினாள். "வாங்கிக்கோ" என்றாள். "வாங்கிக்கோ தாயி." குழலில் நின்ற மஞ்சள் கோடு ஒரு நூல் இறங்கியது. நின்றது. பிறகு மெல்ல, யாரும் தள்ளாமல், இறங்கத் தொடங்கியது.